சக்கரமும் பனிமலையும்: ஓர் இணையரின் வழிநடை



தமிழ் அகப்பாடல்களில் காதல் பெரும்பாலும் பிரிவின் வழியாகவே பேசப்படுகிறது. தலைவன் பொருள் தேடிச் செல்கிறான். தலைவி வீட்டிலிருந்து நாள் எண்ணுகிறாள். மகளிரோடு கடல்வழிச் செலவு இல்லை என்று தொல்காப்பியம் வரையறுத்தது. இருவரும் ஒருசேர வழிநடக்கும் இடம் அகத்திணையில் ஒன்றுண்டு. அதுவே உடன்போக்கு. வெயில் காயும் பாலைவழியில் தலைவனின் பின்னே தலைவி நடக்கிறாள். ஆனால் அது மணத்திற்கு முந்தைய நிகழ்ச்சி. ஊர் ஏசுமே, தமையன்மார் பின்தொடர்வரே என்ற அச்சம் நடத்தும் நடை. ஆற்றுப்படைகளில் பாணரும் விறலியரும் சேர்ந்து நடக்கின்றனர். அது பசி நடத்தும் நடை.

அச்சமும் இல்லை, பசியும் இல்லை. நேர்த்திக்கடனும் இல்லை, வாணிகமும் இல்லை. மணமாகிப் பல்லாண்டு கடந்த கணவனும் மனைவியும் வழியின்மேல் கொண்ட விருப்பம் ஒன்றினாலேயே ஆண்டு முழுவதும் சேர்ந்து செல்கின்றனர். இப்படிப்பட்ட வாழ்வை எந்தத் திணையில் வைப்பது, அது எவ்வகைக் காதல் என்ற வினா கவிஞர்களுக்கு உரியது. அவ்வினாவை முன்வைத்து, பனியையும் சக்கரத்தையும் ஒருங்கே விரும்பிய ஓர் இணையரின் வரலாற்றைப் பார்ப்பது இவ்வுரையின் நோக்கம்.

ஆல்ப்ஸ் மலைநாடுகளிலும் அமெரிக்காவின் ராக்கி மலை ஊர்களிலும் இன்று இவ்வாறு வாழும் இணையர் பலர். குளிர்காலம் முழுதும் பனிச்சறுக்கு. பனி உருகியதும் மலைமிதிவண்டி. குளிர்காலத்தில் சறுக்குவோரை மேலே ஏற்றிச் செல்லும் அதே கம்பித்தொட்டில்கள் கோடையில் மிதிவண்டிகளைச் சுமந்து செல்கின்றன. வெண்பனி மூடிய சரிவும் புல் முளைத்த சரிவும் ஒன்றே. அதில் இறங்கும் கருவிதான் மாறுகிறது.

இவ்விரு கருவிகளின் பிறப்பும் அறியத்தக்கது. பனிச்சறுக்கு நார்வே முதலிய வடநாடுகளில் பல்லாயிரம் ஆண்டுப் பழமை உடையது. வேட்டைக்கும் போக்குவரவுக்கும் அது பயன்பட்டது. அதை ஒரு கலையாக்கியவர்களுள் முதன்மையானவர் டெலமார்க் பகுதியின் எளிய உழவரான சோன்ட்ரே நோர்ஹைம். சறுக்குப் பலகையில் கால்விரல் மட்டும் மாட்டியிருந்த காலத்தில், மரக்கொம்புகளை முறுக்கிக் குதிகாலையும் சேர்த்துக் கட்டும் முறையைப் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அவர் கையாண்டார். அதன் பின்னரே சரிவில் திரும்பவும் தாவவும் எளிதாயிற்று. 1888இல் நான்சென் சறுக்குப் பலகைகளில் கிரீன்லாந்தைக் கடந்தார். 1894இல் துப்பறியும் கதைகளால் புகழ்பெற்ற கோனன் டாயில் சுவிட்சர்லாந்தின் டாவோசிலிருந்து அரோசாவிற்கு மலை கடந்து சறுக்கிச் சென்றார். ஆல்ப்ஸ் ஊர்களில் அது அப்போது புதுமை.

மலைமிதிவண்டியோ நேற்றுப் பிறந்த குழந்தை. 1970களில் கலிபோர்னியாவின் டமால்பாய்ஸ் மலையடிவாரத்து இளைஞர்கள், பருத்த சக்கரம் கொண்ட பழைய மிதிவண்டிகளைத் தேடிப் பிடித்து மண்பாதைகளில் இறங்கி விளையாடினர். 1976இல் அவர்கள் தொடங்கிய போட்டிக்கு ‘ரீபேக்’ என்று பெயர். ஒருமுறை இறங்கினாலே பின்சக்கரத்துத் தடையின் மசகு எரிந்து புகைந்துவிடும். மீண்டும் மசகு அடைத்தால்தான் அடுத்த ஓட்டம். அந்த வேலையே போட்டிக்குப் பெயராயிற்று. 20 ஆண்டுகளுக்குப் பின், 1996இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் மலைமிதிவண்டி இடம்பெற்றது.

சறுக்கும் மிதிவண்டியும் உடலுக்குக் கற்பிக்கும் பாடம் ஏறத்தாழ ஒன்றே. இரண்டிலும் கண் எங்கே செல்கிறதோ அங்கே உடல் செல்கிறது. பாறையை அஞ்சிப் பாறையையே நோக்குபவர் பாறையில்தான் மோதுவார். பாறைக்கு அருகிலுள்ள இடைவெளியை நோக்குபவர் கடந்துவிடுவார். மற்றொன்றும் உண்டு. இரண்டிலும் இருவர் கைகோத்துச் செல்ல இயலாது. ஒருவர் முன்னே செல்ல வேண்டும். மற்றவர் அவர் விட்ட தடத்தில் வர வேண்டும். முன்னே செல்பவர் பின்னே வருபவரை எண்ணித் தடம் இட வேண்டும். பின்னே வருபவர் அத்தடத்தை நம்ப வேண்டும். சிறிது நேரத்தில் முறை மாறும். இல்லறத்திற்கு இதைவிடப் பொருத்தமான உருவகம் தேடினாலும் கிடைப்பது அரிது.

மலைமிதிவண்டி தோன்றுவதற்கு முக்கால் நூற்றாண்டிற்கு முன்பே, ஆண்டைச் சக்கரத்திற்கும் பனிக்கும் பகிர்ந்தளித்த இணையர் இருந்தனர். அவர்கள் அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டர் நகரினரான ஃபானி புல்லக் வொர்க்மன், அவர்தம் கணவர் வில்லியம் ஹன்டர் வொர்க்மன். பனிச்சறுக்கு அவர்கள் துறையன்று; பனியாறுகளில் கயிறு கட்டி நடப்பதே அவர்கள் துறை. தமிழருக்கு அவர்கள்பால் தனி ஈடுபாடு தோன்றக் காரணம் உண்டு. இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் அவர்கள் மிதிவண்டியில் வந்தவர்கள்.

ஃபானி அம்மையார் 1859இல் பிறந்தார். தந்தையார் அலெக்சாண்டர் புல்லக் அம்மாநிலத்தின் ஆளுநராக இருந்தவர். செல்வக் குடும்பத்துப் பெண். பாரிசிலும் டிரெஸ்டனிலும் பயின்றவர். தம்மினும் 12 ஆண்டு மூத்த மருத்துவரை மணந்தார். நியூ ஹாம்ப்ஷையரின் வெண்மலைத் தொடரில் மனைவியை முதன்முதலாக மலையேற்றியவர் கணவரே. 1880களின் இறுதியில் உடல்நலக் குறைவால் வில்லியம் மருத்துவப் பணியைத் துறந்தார். குடும்பம் ஜெர்மனிக்குக் குடிபெயர்ந்தது. நோயின் பொருட்டுப் பணி துறந்த அவரே தமது 65ஆம் வயதில் காரகோரத்துப் பனியாறுகளில் நடந்தார். 90 வயது வரை வாழ்ந்தார்.

அவர்கட்கு மக்கள் இருவர்: ரேச்சல் என்ற பெண், சீக்ஃபிரீட் என்ற ஆண். 1893இல் சீக்ஃபிரீட் நோயுற்று இறந்தான். நான்கு வயதுச் சிறுவன். அதன் பின்னர் அவ்விணையர் நீண்ட பயணங்களில் இறங்கினர். துயரம்தான் அவர்களை வழியில் தள்ளியது என்று உறுதியாகச் சொல்ல இயலாது; அதற்கு முன்பே மலையும் பயணமும் அவர்கள் விரும்பியவை. எனினும் அத்துயரம் அவர்களோடு உடன்சென்றது என்பதற்கு ஒரு சான்று உண்டு. அது பின்னர் வரும்.

மிதிவண்டி அக்காலத்தில் புதிய ஊர்தி. ஏறத்தாழ ஒரே அளவுச் சக்கரங்கள் இரண்டும் சங்கிலியும் கொண்ட ‘ரோவர்’ வண்டியை ஸ்டார்லி 1885இல் வெளியிட்டார். டன்லப் 1888இல் காற்றடைத்த சக்கரத்தைக் கொணர்ந்தார். இவை வந்து பத்தாண்டு முடிவதற்குள் வொர்க்மன் இணையர் அட்லஸ் மலைகளைக் கடந்து சகாராவின் விளிம்புவரை மிதித்துச் சென்றனர். அல்ஜீரியப் பயண நூல் 1895இல் வெளிவந்தது. அடுத்து ஸ்பெயினில் சுமார் 4,500 கிலோமீட்டர். அந்நூல் 1897இல் வந்தது. அம்மையார் நீண்ட பாவாடையுடனேயே வண்டி ஓட்டினார்.

1897இன் இறுதியில் இலங்கை வந்தனர். பாம்பன் பாலம் 1914இல்தான் திறக்கப்பட்டது. அக்காலத்தில் இலங்கையிலிருந்து தென்னிந்தியா வரக் கப்பலே வழி. இங்கிருந்து இமயம் வரை மிதித்தனர். பர்மாவிலும் ஜாவாவிலும் வண்டியோட்டினர். இந்தியச் சமவெளியில் 14,000 மைல், அதாவது ஏறத்தாழ 22,500 கிலோமீட்டர் சக்கரத்தின்மேல் சென்றதாக 1904இல் வெளியிட்ட நூலின் தலைப்பிலேயே பொறித்தனர். தேயிலை, சர்க்கரை, ரொட்டி, தகர டப்பா உணவு, ஒரு போர்வை, எழுதுபொருள், மருந்துப்பெட்டி, வண்டியைப் பழுதுபார்க்கும் கருவிகள் ஆகியவையே கைச்சுமை. புகைவண்டி நிலையங்களில் உண்டனர். பயணியர் பங்களாக்களில் தங்கினர். குடிநீரின்றி மிதித்த நாள்கள் உண்டு. ஒரே நாளில் 40 பஞ்சர் ஒட்டிய நாளும் உண்டு. 40 முறை இறங்கி, சக்கரத்தைக் கழற்றி, முள்ளைத் தேடி, ஒட்டி, காற்றடித்து மீண்டும் ஏறுவதென்றால், ஒருவர்மேல் ஒருவர் சினம் கொள்ள 40 வாய்ப்புகள் என்று பொருள். அந்நாளின் மாலையிலும் அவர்கள் ஒரே திசையில்தான் சென்றனர்.

அவர்கள் ஆண்டை வகுத்த முறை கவனிக்கத்தக்கது. குளிர்ந்த மாதங்களில் சமவெளியில் சக்கரம். வெயில் ஏறியதும் வடக்கே மலை. 1898 கோடையில் மேற்கு இமயத்திற்கும் காரகோரத்திற்கும் சென்றனர். அவ்வாண்டே சிக்கிம் பக்கம் செல்ல முயன்று, சுமையாளர் சிக்கலாலும் பருவம் தவறியதாலும் திரும்பினர். 1899 கோடையில் சூரிப்ரிக்கன் என்ற புகழ்பெற்ற சுவிட்சர்லாந்து வழிகாட்டியோடு மீண்டும் காரகோரம் ஏறினர். தமிழின் ஆறு பருவங்களில் முன்பனியும் பின்பனியும் உண்டு. ஆயினும் தமிழில் ‘பனி’ என்பது புல்நுனியில் நிற்கும் நீர்த்துளி, விடியலின் மூடாப்பு, உடலை நடுக்கும் குளிர். காலடியில் நொறுங்கும் பனியும் மலையாகக் குவிந்து ஆறாக ஊர்ந்து செல்லும் பனியும் ஐந்திணைக்குள் இல்லை. இமயத்தைப் பாடிய பழம்புலவர்களுக்கும் அது தொலைவில் ஒளிரும் எல்லையே தவிர, நடந்து செல்லும் நிலமன்று.

1899இல் எவரும் ஏறியிராத ஒரு சிகரத்தில் ஏறி அதற்கு ‘சீக்ஃபிரீட்ஹார்ன்’ என்று பெயரிட்டனர். இறந்த மகனின் பெயர் அது. களத்தில் பட்ட வீரனுக்குப் பெயரும் பீடும் எழுதிக் கல் நாட்டும் மரபு தமிழில் உண்டு. நான்கு வயதில் நோயில் இறந்த குழந்தைக்கு நடுகல் எழுப்பும் மரபு எங்கும் இல்லை. அக்குழந்தையின் தாயும் தந்தையும் ஒரு மலையையே நடுகல்லாக்கினர். இருவரும் சேர்ந்து ஏறினாலன்றி அக்கல்லை நாட்டியிருக்க முடியாது. தம் பயணங்களைப் பற்றி ஆயிரக்கணக்கான பக்கங்கள் எழுதியவர்கள் அவர்கள். ஆயினும் அத்துயரைக் காட்டும் கல்வெட்டு இந்த ஒரு சொல்தான்.

அதே பயணத்தில் கோசர் குங்கே என்ற சிகரத்தில் சுமார் 21,000 அடி ஏறினர். 1902, 1903 ஆகிய ஆண்டுகளில் சோகோ லுங்மா பனியாறு. 1906இல் நுன் குன் மலைத்தொகுதி. 1908இல் ஹிஸ்பர், பியாஃபோ பனியாறுகள். 1911, 1912இல் சியாச்சென். 1906இல் பினாக்கிள் சிகரத்தில் அம்மையார் ஏறியபோது அவருக்கு வயது 47. இன்றைய அளவீட்டின்படி அதன் உயரம் 6,930 மீட்டர். பெண்டிருள் அவரினும் உயரம் சென்றவர் 1934 வரை எவரும் இலர்.

இவ்விணையரின் வாழ்வில் கவிஞர் ஊன்றிக் காணவேண்டிய செய்தி அவர்கள் பொறுப்பைப் பகிர்ந்த முறையாகும். ஒரு பயணத்திற்குக் கணவர் தலைமை தாங்கினால் மற்றொன்றிற்கு மனைவி தலைமை தாங்குவார். ஏற்பாடு, பணம், ஆட்கள், வழி ஆகியவை ஒருவரிடமும், அளவையும் நிழற்படமும் மற்றவரிடமும் மாறி மாறி வரும். நூல்களை இருவரும் சேர்ந்தே எழுதினர். 1912 சியாச்சென் பயணத்திற்கு அம்மையாரே தலைவி. நிலப்படத்தில் தம் முழுப்பெயரை இட்டதற்குப் பின்னர் நூலில் விளக்கம் தந்தார். தம்மை முன்னிறுத்துவதற்காக அன்று, பெண் ஒருத்தி செய்த பணி பெண் செய்ததென்றே பிற்காலம் அறிய வேண்டும் என்பதற்காகவே அவ்வாறு செய்ததாக அவர் எழுதினார். அதே ஆண்டில் 21,000 அடி உயரத்துப் பனிமேட்டில், பெண்களுக்கு வாக்குரிமை கோரும் செய்தித்தாளை விரித்துப் பிடித்து நின்று படம் எடுத்துக்கொண்டார். அவருடைய நாட்டில் பெண்களின் வாக்குரிமை அரசியலமைப்பில் ஏறியது 1920இல்.

ஈண்டுத் தமிழகத்து நிகழ்ச்சி ஒன்றையும் இணைத்துப் பார்க்கலாம். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின் ஊக்கத்தால் ஆயிரக்கணக்கான பெண்கள் மிதிவண்டி ஓட்டக் கற்றனர். தண்ணீர்க் குடத்தையும் பிள்ளையையும் வண்டியில் ஏற்றிச் சென்றனர். உழவுக் கூலிப் பெண்டிரின் மிதிவண்டிக்கும் ஆளுநர் மகளின் மிதிவண்டிக்கும் இடையே நிலத்தாலும் செல்வத்தாலும் பெருந்தொலைவு உண்டு. ஆனால் தன் காலால் தன் சக்கரத்தைச் சுழற்றும்போது பிறக்கும் நிமிர்வு இரண்டிற்கும் பொது.

சியாச்சென் என்ற சொல்லுக்குப் பால்தி மொழியில் காட்டுரோசா மிகுந்த இடம் என்று பொருள். சுமார் 76 கிலோமீட்டர் நீளும் அப்பனியாற்றின் தலைப்பகுதியில் ஒரு கணவாய்க்கு அம்மையார் ‘இந்திரா’ என்று பெயரிட்டார். திருமகளின் பெயர்களுள் ஒன்று அது. பிற்காலத்துத் தலைவர் ஒருவரின் பெயரென்று பலர் மயங்குவதுண்டு. 1984 முதல் அப்பனியாற்றில் இந்தியப் படை நிற்கிறது. எதிர்ப்புறத்தில் பாகிஸ்தான் படை. காட்டுரோசாவின் பெயரும் திருமகளின் பெயரும் தாங்கிய அந்நிலத்தில் குண்டினால் இறந்தவரினும் குளிரினாலும் பனிச்சரிவினாலும் இறந்தவரே மிகுதி.

இவ்விணையரின் குறைகளையும் கூறாமல் விடுவது நேர்மையன்று. மகள் ரேச்சல் பெரும்பாலும் பிறர் பொறுப்பிலும் விடுதிப் பள்ளியிலும் வளர்ந்தார். அவர் பின்னர் நிலவியல் அறிஞராகி, 1919இல் லண்டன் நிலவியல் கழகம் முதன்முதலாக ஏற்ற பெண் உறுப்பினர்களுள் ஒருவரானார். பெற்றோர் தேடிய மலைகளை மகள் பாறைகளில் தேடினார் போலும். அம்மையாரின் புகழ்வேட்கையும் பெரிது. ஆனி பெக் என்ற மற்றோர் அமெரிக்கப் பெண் 1908இல் பெரு நாட்டின் உவாஸ்கரான் ஏறித் தம் சாதனையை முறியடித்ததாகச் செய்தி வந்தபோது, பிரெஞ்சு நில அளவையாளரைத் தம் செலவில் அங்கு அனுப்பி அம்மலையை அளக்கச் செய்தார். மலை தம் சிகரத்தினும் தாழ்ந்தது என்று உறுதியான பின்பே அமைந்தார். பெண்ணுரிமைக்குக் கொடி பிடித்தவர் மற்றொரு பெண்ணின் உயரத்தை அளந்து குறைத்தது வரலாற்றின் முரண்.

இவற்றினும் பெரிய குறை ஒன்று உண்டு. அவர்கள் சாதகக் கதைகளையும் பாரத இராமாயணங்களையும் படித்துவிட்டு வந்தவர்கள். கோயில்களையும் சிற்பங்களையும் நுணுகி எழுதினர். அவற்றைச் சூழ்ந்து வாழ்ந்த மக்களைப் பற்றி எழுதியது குறைவு. எழுதிய இடங்களிலும் ஆள்வோரின் மிடுக்கு தெரிகிறது. அவர்கள் வந்தது 1896-97ஆம் ஆண்டுப் பெரும்பஞ்சத்தை ஒட்டி. திரும்பிய வேளையில் அடுத்த பஞ்சம் தொடங்கியிருந்தது. மலையிலும் அவ்வாறே. நூற்றுக்கணக்கான பால்திச் சுமையாளர் மாவையும் கூடாரத்தையும் விறகையும் முதுகில் சுமந்து ஏறினர். அவர்கள் பாதிவழியில் விட்டுச் சென்றபோதெல்லாம் இணையர் அதைச் சோம்பலாகவும் வஞ்சனையாகவும் கண்டனர். தோலாடையும் தக்க காலணியும் இன்றிப் பனியில் உறங்க நேர்ந்தவரின் அச்சம் அவர்கள் ஏட்டில் அச்சமாகப் பதியவில்லை. 1912இல் செனோஸ் என்ற இத்தாலியச் சுமையாளர் பனிப்பிளவில் விழுந்து இறந்தார். அம்மையார் அப்போது அவருக்கு மிக அருகில் இருந்தார். ஓரடி மாறியிருந்தால் வரலாறு வேறாகியிருக்கும். செனோசின் பெயர் எஞ்சியது. பால்தி மக்களுள் பெரும்பாலோரின் பெயர் எஞ்சவில்லை.

இங்கேதான் தமிழ்த் திணைக் கோட்பாட்டின் வலிமை விளங்குகிறது. முதற்பொருளாகிய நிலமும் பொழுதும், உரிப்பொருளாகிய உணர்வும் இருந்தால் மட்டும் பாட்டு அமைவதில்லை. இடையே கருப்பொருள் வேண்டும். அந்நிலத்து மக்கள், அவர்தம் தொழில், உணவு, பறை, விலங்கு, பறவை ஆகியவை வேண்டும். வொர்க்மன் இணையருக்கு நிலம் வாய்த்தது. ஆண்டின் பருவங்கள் அனைத்தும் வாய்த்தன. இருவரிடையே குன்றாத அன்பும் வாய்த்தது. நிலத்தின் மக்கள்மட்டும் அவர்கள் கண்ணில் முழுதாகப் படவில்லை. அவர்கள் நூல்கள் புவியியலுக்குப் பயன்பட்டும் இலக்கியமாக நில்லாமைக்கு இதுவே காரணம்.

ஆயினும் அவர்கள் வாழ்வு ஒரு பாடலுக்குரிய பொருளைத் தந்து நிற்கிறது. ஒருவர் முகத்தை ஒருவர் நோக்கியிருத்தல் காதலின் ஒரு நிலை. தமிழ்ப் பாட்டு அதனை ஈராயிரம் ஆண்டுகளாக அழகுறப் பாடியிருக்கிறது. இருவரும் ஒரே திசையை நோக்கி, ஒருவர் தடத்தில் மற்றவர் கால் வைத்து நடத்தல் மற்றொரு நிலை. அங்கே பிரிவு இல்லை. எனவே ஏக்கம் இல்லை. ஊடலுக்குக்கூட மூச்சு மிஞ்சுவதில்லை. மாறாக, ‘கயிற்றை இறுக்கு’, ‘தண்ணீர் இருக்கிறதா’, ‘இன்னும் எவ்வளவு தொலைவு’ போன்ற சிறு சொற்கள் இருக்கின்றன. ஏக்கத்தின் சொற்களில் தேர்ந்த ஒரு மொழி, இச்சிறு சொற்களைக் கொண்டும் அகம் பாட முடியுமா என்பது இவ்வட்டத்துக் கவிஞர் முன் நிற்கும் தேர்வு. அதற்கு இமயம் செல்ல வேண்டுவதில்லை. விடியற்காலையில் ஒரே மிதிவண்டியில் சந்தைக்குக் காய்கறி ஏற்றிச் செல்லும் கணவனும் மனைவியும் எந்த ஊரிலும் உண்டு. ஏற்றம் வந்ததும் ஒருவர் இறங்கித் தள்ள, மற்றவர் பிடித்துக்கொள்வதைக் காணலாம்.

ஃபானி அம்மையார் 1925இல் பிரான்சின் கான் நகரில் மறைந்தார். பெண்கள் பயிலும் நான்கு அமெரிக்கக் கல்லூரிகளுக்குத் தம் செல்வத்திலிருந்து நன்கொடை எழுதிவைத்தார். வில்லியம் 1937இல் மறைந்தார். பிறந்த ஊரான வூஸ்டரில் இருவருக்கும் ஒரே நினைவுக்கல். இமயத்தை ஆராய்ந்த முன்னோடிகள் என்று அதில் இருவரையும் சேர்த்தே பொறித்திருக்கிறார்கள். அக்கல்லில் இடம்பெறாத பால்திச் சுமையாளர்களுக்கும் ஒரு வரி எழுதும் கவிஞர் எவரோ, அவர் கையில்தான் அவ்விணையரின் பயணமும் பாட்டாக நிறைவுறும்.